நண்டுக்கறியும் பொஸ்ஸா நோவாவும்

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலை இருந்து வாசிக்கிற தொழிலிலை கைதட்டை எதிர்பாக்கேலாது. ஏனெண்டால் ரசிகரின்ரை கையிலை சோறு. கலியாணவீட்டிலையும் பிறந்தநாளிலையும் கோப்பைச் சத்தத்துக்கு நடுவிலை வாசிச்சு நொந்த சனங்களே, உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் வட்டுக்கோட்டை ஆள். தேவாலயத்திலை கிட்டார் பழகி, இருபது வரியமாப் பிள்ளையளுக்குக் கிட்டாரிலை அதே மூண்டு கோர்ட் பிடிக்கிறதைச் சொல்லிக் குடுத்து அலுத்துப்போன ரீச்சர். பழைய படங்களின்ரை, ரீவி நாடகங்களின்ரை தீம் இசையை எடுத்து, பிரேசில் ஆக்களின்ரை பொஸ்ஸா நோவாத் தாளத்திலை, சாய்ஞ்சு இருந்து கேக்கிற மாதிரி ஆறுதலா வாசிக்கிறதுதான் என்ரை விசர். அதை வாசிக்கச் சொல்லி இருபது வரியத்திலை ஒரு குஞ்சும் கேக்கேல்லை. போன வரியம் யாழ்ப்பாணத்திலை ஒரு ஹோட்டல் முதலாளி கேட்டார்! நாலு ஞாயிறு தவணை. "நாலுக்கை சனத்துக்குப் பிடிக்காட்டில், பழையபடி ஸ்பீக்கர் பெட்டியிலை குத்துப்பாட்டுத்தான் ரீச்சர்" எண்டும் சொல்லிப்போட்டார். அண்டைக்கு நான் ஸ்கூட்டியிலை வீடு மட்டும் பாடிக்கொண்டு போனன். றோட்டிலை போனவை என்ன நினைச்சினமோ, எனக்குக் கவலையில்லை.

பலகை செய்த வேலை

பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வாசிக்கிறதெண்டு கதை. வாசலிலை வைக்க "லவுஞ்ச் மியூசிக்" எண்டு பலகை எழுதச் சொல்லி முதலாளி போனிலை சொன்னவர். எழுதின ஆளின்ரை காதிலை விழுந்தது "லஞ்ச் மியூசிக்". முதல் ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு ஆராதனை முடிஞ்சு வெளியிலை வாறன், முதலாளியின்ரை போன். "ரீச்சர், சனம் வந்து இருந்திட்டுது. இசை எங்கை, இசை எங்கை எண்டு கேக்கினம்!"

சேலையோடை, முதுகிலை கிட்டாரோடை பறந்தன். என்னோடை ட்ரம் வாசிக்கிற குகன் உரும்பிராயிலை வெங்காயத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவன். முழங்கால் மட்டும் சேறோடை வந்து இறங்கினான். ரெண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க முதல் பாட்டை வாசிச்சு முடிச்சம். எனக்கெண்டால் உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பக்கத்து மேசையிலை நண்டுக் காலோடை மல்லுக்கட்டின ஒரு ஐயா நிமிர்ந்து பாத்தார்: "ஏன் பிள்ளை இவ்வளவு பிந்தினனீங்கள்? நாங்கள் கடைசிச் சொதிக்கு வந்திட்டம்."

தவில்காரக் கை

அதோடை எங்கடை நேரம் மத்தியானம் எண்டே நிலைச்சுப் போச்சு. ஆனால் குகன்ரை கை நிலைக்கேல்லை. அவன் தவில்காரக் குடும்பம். இந்த இசைக்கு மெல்லிய கம்பிப் பிரஷாலை ட்ரம்மின்ரை தோலைத் தடவவேணும், அவ்வளவுதான். ரெண்டாம் ஞாயிறு எல்லாம் வடிவாப் போய்க்கொண்டிருக்க, பாட்டு உச்சத்துக்கு வந்த உசாரிலை பிரஷை எறிஞ்சுபோட்டு உள்ளங்கையாலை போட்டானே ஒரு போடு! நித்திரையாக் கிடந்த குழந்தை ஒண்டு துள்ளி எழும்பி வீரிட்டுது. நான் கண்ணை உருட்டினன்.

"என்னக்கா செய்யிறது, அப்பா எனக்கு அடிக்கத்தான் சொல்லித் தந்தவர், தடவச் சொல்லித் தரேல்லை."

முந்திக் கரைசேர்ந்தவை

அதே ஞாயிறு மயிலிட்டியிலை இருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம், பத்துப் பன்ரெண்டு பேர், ஒரு வான் நிறைய வந்தினம். நான் ஒரு பழைய காதல் படத்தின்ரை தீமைத் தொடங்கினதுதான் தாமதம், மேசையே பாடத் தொடங்கிட்டுது. எனக்கு எவ்வளவு சந்தோசம்! ஆனால் அவை பாடினது படத்தின்ரை வேகத்திலை, நாங்கள் வாசிச்சது எங்கடை வேகத்திலை. அவை சரணமெல்லாம் முடிச்சு, தண்ணியும் குடிச்சிட்டு எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கினம். நாங்கள் அப்பத்தான் பாதி. மூத்த அண்ணை ஒருத்தர் எழும்பி வந்து இரக்கத்தோடை கேட்டார்: "தங்கச்சி, நாங்கள் கரைக்கு வந்திட்டம், நீங்கள் ஏன் இன்னும் நடுக்கடலிலை நிக்கிறியள்?"

குசினியை விட்டு வந்தவ

மூண்டாம் ஞாயிறு ஒரு ரீவி நாடகத்தின்ரை தீமை எடுத்தன். வரியக் கணக்கா ஓடி, ஊரையே அழ வைச்ச நாடகம். அந்த இசை கேட்டால் எந்த வீட்டிலையும் அடுப்பு அப்பிடியே நிக்கும். எனக்கு இது தெரியும். ஆனால் ஹோட்டலிலையும் அடுப்பு இருக்கெண்டதை மறந்துபோனன்.

நாலு தாளச் சுத்து வாசிக்க முன்னம் சமையல் அக்கா அகப்பையோடை ஓடி வந்து தூணோடை சாய்ஞ்சு நிண்டா. பின்னாலை பாத்திரம் கழுவுறவையும் வந்தினம். பாட்டு முடியேக்கை குசினியிலை இருந்து கறி எரிஞ்ச மணம். முதலாளி என்னைப் பாத்த பார்வையிலை, ஒரு ஞாயிறுதான் மிச்சம் எண்டது வடிவா எழுதிக் கிடந்தது. சமையல் அக்காவுக்கு அதொண்டும் இல்லை, அவவுக்கு என்னிலைதான் கோவம்: "என்ன ரீச்சர், மியூசிக்கைப் போட்டிட்டுக் கதையைக் காட்டாமல் விட்டால் எப்பிடி?"

கடைசித் தவணை

நாலாம் ஞாயிறு, ஒரு சோடிக்கு ஐம்பதாவது கலியாண நாள். கனடாவிலை இருந்து பிள்ளையள் வந்து, மேசையளை ஒண்டாப் போட்டு முப்பது பேர். "இண்டைக்கு நல்லாப் போனால் நிரந்தரம், இல்லாட்டில் பெட்டிதான்" எண்டார் முதலாளி. நான் ஒரு மாதமாப் பாடுபட்ட பாட்டை எடுத்தன். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின்ரை தீம். சோகமான மெட்டு, அதை நான் துள்ள வைச்சிருந்தன். என்ரை வாழ்க்கையிலை அவ்வளவு நல்லா நான் வாசிச்சதில்லை!

எட்டாவது தாளச் சுத்திலை வாய்க்குப் போன கையெல்லாம் அப்பிடியே நிண்டுது. ஒரு அன்ரி முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினா. பின்னாலை இருந்து ஒரு குரல்: "ஐயோ, ஆர் மோசம் போனது?"

குகன் குனிஞ்சு காதுக்கை சொன்னான். "அக்கா, துலைஞ்சம்! உது கேபிள் ரீவியிலை மரண அறிவித்தலுக்குப் போடுற மியூசிக்!" எங்கடை வீட்டிலை கேபிள் இல்லை, எனக்கு எப்பிடித் தெரியும்? "நீ ஏனடா முதலே சொல்லேல்லை?" எண்டன். "அது போகேக்கை ஆற்றை பேர் வருதெண்டெல்லோ பாக்கிறனாங்கள். ஆர் மெட்டைக் கேட்டது?"

முதலாளி தலையிலை கையை வைச்சுக்கொண்டு வாறார். நாலு ஞாயிறும் இருபது வரிய ஆசையும் ஒரு பாட்டிலை போச்சு. கிட்டாரிலை இருந்து கையை எடுக்கப் போறன், அந்த ஐம்பது வரியத்து மாப்பிள்ளை மேசையிலை தட்டிக் கத்தினார்: "நிப்பாட்டாதை பிள்ளை, எங்கடை பேர் இன்னும் வரேல்லை!"

மனிசி அவற்றை தோளிலை ஒரு அடி போட்டா. "விசரே உங்களுக்கு?" எண்டவ, அவரை விடக் கூடச் சிரிச்சா. பிறகு முப்பது பேரும் சிரிச்சினம். உண்மையா, சோத்துக் கையோடையே தட்டிச்சினம்! அதே பாட்டை இன்னும் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச்சினம். போகேக்கை மாப்பிள்ளை என்னட்டை வந்து, "என்ரை நாள் வரேக்கையும் நீங்கள்தான் வந்து உதை உப்பிடியே வாசிக்கவேணும், இப்பவே சொல்லிப்போட்டன்" எண்டார். நான் ஓம் எண்டதோ இல்லை எண்டதோ எனக்கே தெரியாது. முதலாளி வியர்வையைத் துடைச்சுக்கொண்டு வந்தார்: "ரீச்சர், இனி எல்லா ஞாயிறும் வாங்கோ, உந்தப் பாட்டை மட்டும் சனம் பாயாசம் குடிச்சு முடிஞ்ச பிறகு வாசியுங்கோ."

ஆக, நிரந்தர வேலையோடை திகதி குறிக்காத முற்பதிவு ஒண்டும் எங்களுக்குக் கிடைச்சிட்டுது. அந்தத் திகதி மட்டும் அவசரப்படாமல், எங்கடை தாளத்திலையே வரட்டும்.