புதன்கிழமை டியூசன்

எங்கள் ஆட்களிடம் டியூசன் என்று சொன்னால் போதும், மறுகேள்வி வராது. பிரெஞ்சு மண்ணில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பாட்டுக்கு, பரதநாட்டியத்துக்கு, கணக்குக்கு என்று பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பதின்மூன்று வயதில் நான் சொன்ன பெரிய பொய்யும் அதுதான்.

உண்மையில் புதன்கிழமைப் பின்னேரங்களில் நான் போனது வேறோர் இடத்துக்கு. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஆறேழு பேர், ரூ காய் என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கூடுவோம். என்னை அங்கே பள்ளிக்கூடத் தாதி அனுப்பியிருந்தார். பிரெஞ்சுக் கடதாசி என்றால் நான் விரல் வைக்கும் இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவார், தாதி தந்த அனுமதிக் கடதாசிக்கும் போட்டார். அந்தக் கூட்டத்தை நடத்திய அக்கா புதுச்சேரியைச் சேர்ந்தவர். நாங்கள் பிரெஞ்சிலேதான் கதைப்போம். அப்பா அடிக்கிறார் என்பதைத் தமிழில் சொன்னால் சொந்தக்காரர் யாருக்காவது கேட்டுவிடும் போல இருந்தது.

ஒருநாள் அக்கா அவரவர் வீட்டின் படத்தைக் கொப்பியில் கீறச் சொன்னார். சண்டை வந்தால் யார் எங்கே நிற்பார்கள் என்று நிறத்தால் குறிக்க வேண்டும். குளியலறையில் எனக்கும் தம்பிக்கும் இரண்டு பச்சைப் புள்ளிகள் வைத்தேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அம்மாவுக்குச் சிவப்பு.

அந்தக் கொப்பிதான் மாட்டியது. உணவகத்தில் வேலை செய்த அப்பாவுக்கு அன்றைக்கு லீவு. திடீரென்று பிள்ளையின் படிப்பில் அக்கறை பிறந்துவிட்டது.

"எங்கை, டியூசன் கொப்பியைக் கொண்டு வா பாப்பம்."

கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு விழும் அடியை நான் நினைக்கவில்லை, அம்மாவுக்கு விழப்போவதைத்தான் நினைத்தேன். அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்த அம்மா, அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கேத்திரகணிதமப்பா," என்றார் அம்மா. "அறையளின்ரை பரப்பளவு காணுறது."

"அப்ப உந்தச் சிவப்பு?"

"அதிலை இருந்துதான் அளக்கத் தொடங்க வேணும்."

அப்பா தலையாட்டிவிட்டுக் கொப்பியைத் தந்தார். எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே அம்மாவை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தவர், ஒரு படத்தைப் பார்த்து இப்படி ஏமாந்துவிட்டாரே என்று. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா தம்பிக்கும் சீப்பால் தலையிழுத்து, ஜாக்கெட்டை மாட்டி, அவனை என் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"இவனையும் டியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போ."

எட்டு வயதுக்காரனுக்கு எதற்குக் கேத்திரகணிதம் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.