தாணுமாலயனின் தலையாட்டல்

என் வீட்டுக்காரர் தாணுமாலயனுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லி, மிளகு மொத்த வியாபாரம். அவர் ஒரு தடவை தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் மாறமாட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போன பிறகும் அந்தத் தலையாட்டலை நாங்கள் அப்படியே நம்பினோம்.

"அப்பா, கடைய வித்துட்டு நீங்களும் அம்மையும் எங்கூட பெங்களூர் வந்திருங்களேன்?" என்று மகன் ஹரிகுமார் கேட்டான். தலையாட்டினார். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. எனக்குக் கடையை விட மனசில்லை. அவரே சம்மதித்த பிறகு நான் என்ன சொல்ல?

சனிக்கிழமை நீது வந்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிறர் பேசுவது எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிற பெண்.

"எல்லாம் புரியும் மோளே, வாய்தான் வராது" என்றேன் பெருமையாக.

அவள் படங்களைப் பரப்பினாள். நாய், பூனை என்று கேட்டபோது சரியாகத் தொட்டார். "பூனைய நாய் துரத்துது" என்றதும், நாயைப் பூனை துரத்துகிற படத்தைத் தொட்டார். உடனே அவள், தனக்கு வழிகாட்டிக் கூட்டி வந்த எங்கள் கடை ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க பேரு பிச்சைக்கனியா?" என்றாள்.

தலையாட்டினார். நிஜப் பிச்சைக்கனி வாசலில் திருதிருவென்று முழித்தார்.

"அட கடவுளே, இது என்ன கூத்து!" என்று கத்திவிட்டேன். அப்படியானால் கடைக்கும் இப்படித்தான் ஆட்டினாரா?

"கோவப்படாதீங்க அம்மா. ஒத்த ஒத்த வார்த்தை புரியுது. நீட்டி, வேகமா சொன்னா கொளம்பிருது. உங்க முகத்தப் பாத்துத்தான் தலையாட்டுதாரு. பதுக்கெ, நிறுத்தி நிறுத்திக் கேளுங்க. மாத்தியும் கேக்கணும், கேட்டோ."

டிவியை அணைத்தேன். சுவரில் மாட்டியிருந்த கடையின் போட்டோவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"கடை." நிறுத்தினேன். "விக்கணுமா?"

ஹரிகுமார் வாயைத் திறந்தான். "நீ சும்மா இருலே" என்றேன்.

போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலை இடமும் வலமும் அசைந்தது.

மாற்றியும் கேட்டேன். "கடை. இருக்கணுமா?"

பலமாகத் தலையாட்டினார். நல்ல கையால் போட்டோவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஓவென்று அழுதேன். ஹரிகுமார் எழுந்துபோய், வாங்குகிறவரைப் போனில் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னான்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் நின்று நின்றுதான் பேசுகிறோம். நீது விட்டுப்போன படங்களில், பூனையை நாய் துரத்துவதைச் சில நாள் சரியாகத் தொடுகிறார், சில நாள் இல்லை. நேற்றுக் காலையில், "உப்புமா. வேணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். கல்யாணமான நாளிலிருந்து மறுபேச்சில்லாமல் தின்ற மனுஷன்!

சிரித்துக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.