வெள்ளரிக்காய் அக்காவின் கிணறு

சந்தையில் எல்லோரும் அவளை வெள்ளரிக்காய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கே வெள்ளரி விற்றவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் சமையல் பொறுப்பாளர் தினமும் காய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால்தான். கொடி காய்ந்துபோவதற்குள் அது கைக்கு வந்தாக வேண்டும்.

முதல் முறை வந்த ஆய்வாளர், காய் அடுக்கும் கொட்டகையில் கை கழுவக் குழாய் இல்லை என்றார். போட்டார்கள். அடுத்த முறை, குழாய் சரி, சோப்பு எங்கே என்றார். சுத்தம் வேண்டாமென்றா அவள் சொன்னாள்? எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லித் தொலைத்தால் என்ன என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

இந்த முறை கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வருவதாகச் சொன்னார்கள்.

"இதுலயும் ஏதாவது நொட்டை சொன்னாங்கன்னா, கொடியப் பிடுங்கிப் போட்டுட்டு யார் வீட்லயாவது பாத்திரம் தேய்க்கப் போயிடுவேன்," என்று கணவரிடம் கத்தினாள்.

அந்த மனிதர் அதை அப்படியே மனதில் போட்டுக்கொண்டார். சோதனை நாளன்று அவள் ஆய்வாளருடன் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தால், கொசுப்புழு தின்பதற்காக அவள் விட்டு வளர்த்த குட்டி மீன்கள் வயிறு வெளுத்து மிதக்கின்றன. ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

"எவ்வளவுங்க போட்டீங்க?" என்றாள் கணவரிடம்.

"பை முழுசும். சுத்தமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

ஆய்வாளர் தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்த காலி பாட்டிலை மூடிப் பையில் வைத்தார். "இந்தத் தண்ணியச் சோதிச்சுப் பிரயோஜனம் இல்லம்மா. கிணத்தை இறைச்சு, புதுசா ஊறினப்புறம் திரும்ப விண்ணப்பம் போடுங்க. உங்க முறை வர்றதுக்குள்ள அடுத்த விளைச்சல் வந்துடும்."

"மருந்து எதுவும் போட்டுடாதீங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கணவரைத் திட்டித் தீர்க்கத்தான் திரும்பினாள். அவர் கயிற்றில் வாளியை இறக்கிச் செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

"பாத்திரம் தேய்க்க எல்லாம் போயிடாத," என்றார், திரும்பாமலே.

அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. விறுவிறுவென்று போய் மோட்டாரைப் போட்டாள். வாடிய கொடிகளுக்குப் பாய்ச்ச முடியாத பவுடர் தண்ணீர், வேலிக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தது.