மனைவியின் போனில் நான் எழுதியவை

என் மனைவி இறந்த பிறகு, அவள் போனிலிருந்து அவள் தங்கைக்கு நான் பதில் எழுதினேன். அக்கா உயிரோடு இருப்பதாக அந்தப் பெண் நம்பினாள். நம்பவைத்தவன் நான்.

கப்பல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தூரத்துத் தீவில் இருக்கும் உறவுக்குக் கப்பல் இல்லாத நாளில் சாவைச் சொல்வதில்லை என்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டவரால் வரவும் முடியாது. தனியாக உட்கார்ந்து அழத்தான் முடியும். 'உடம்பு சரியில்லை, அடுத்த கப்பலில் வா' என்று மட்டும் சொல்வோம். அப்படி ஒன்றும் அறியாமல் வந்து நின்றவர்களுக்கு நானே டிக்கெட் எழுதியிருக்கிறேன்.

மைத்துனி கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறாள். இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியமர்ந்த குடும்பம். அங்கே கப்பல் அணையும் ஜெட்டிப் பக்கம் வந்தால்தான் டவர் கிடைக்கும். பேசினால் பாதியில் அறுந்துபோகும், குரலைப் பதிந்து அனுப்பினால் சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து மட்டும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். அதனால் அக்காவும் தங்கையும் சாயங்காலமானால் எழுதிக்கொள்வார்கள்.

மனைவி போனபோது கடல் மோசமாக இருந்தது. கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. தகனம் முடித்து குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் உள்ள வீட்டுக்குத் திரும்பி ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன். அலமாரி மேலிருந்த அவள் போன் ஒலித்தது.

"அக்கா சாப்டியா?"

கப்பல் கிளம்பும்வரை சமாளிப்போம் என்றுதான் கையில் எடுத்தேன். 'சாப்பிட்டேன். இங்கே நல்ல மழை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "என்னா அக்கா, பெரிய டீச்சரம்மா மாதிரி எழுதுற? அத்தான் பிரம்ப வச்சிக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறாரா?"

மறுபடி எழுத 'ம' என்ற எழுத்தைத் தொட்டேன். விசைகளுக்கு மேலே அந்தப் போன் ஒரு சொல்லை நீட்டியது: 'மழ'. அதைத் தொட்டேன். 'வுடல' என்றது. பிறகு 'புள்ள'. மழ வுடல புள்ள. நான் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. என் மனைவி பேசுவதே அப்படித்தான்.

"இப்பதான் நீ நீயா இருக்க" என்று வந்தது.

கடல் அடங்கியது. கப்பலும் போனது. நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் அந்தப் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். நானாக எழுதினால் மைத்துனி சந்தேகப்பட்டாள். போன் நீட்டிய சொற்களைத் தொட்டால் சிரித்தாள், ஊர்க்கதை சொன்னாள், புருசனைத் திட்டினாள். சமையலறையில் யாரோ நின்றுகொண்டு எனக்கு வாசகம் எடுத்துக் கொடுப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

ஒருநாள் அவள் எழுதினாள்: "அடுத்த கப்பல்ல டிக்கெட் சொல்லிட்டேன். ஒன்ன பாக்கணும் போல இருக்கு. வரவா?"

வா என்று எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் 'எ' என்ற எழுத்தைத் தொட்டேன். மீதியைப் போன் ஒவ்வொன்றாக நீட்டியது. எனக்கு. ஒன்னுமில்ல. புள்ள. நீ. வராத.

நோயில் கிடந்தபோது தங்கையிடமிருந்து மறைக்க அவள் திரும்பத் திரும்ப எழுதிய வாசகம் அது என்று இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. அவளே சொல்கிறாள் என்று தோன்றியது. ஆனால் அனுப்பியது என் விரல். தங்கை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வாரம் தோட்டத்தில் நடந்த கல்யாணத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போனதாக எழுதினாள். துக்கம் காக்க வேண்டியவளைப் பூ வைக்க விட்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அடுத்த கப்பலில் வருவதாக மட்டும் அந்தப் போனிலிருந்து எழுதிவிட்டு நானே போனேன். ஜெட்டிக்கு வந்த மைத்துனி என் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா எங்க அத்தான், இன்னும் எறங்கலயா?" என்றாள். அங்கேயே சொன்னேன். எப்போது என்பதையும், அதன் பிறகு எழுதியது யார் என்பதையும்.

அவள் அழவில்லை. தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "இதுல எது அக்கா, எது நீங்க? காட்டுங்க."

விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என் மனைவி கடைசியாக எழுதியது, 'தேங்கா எண்ண தீந்துருச்சி புள்ள'. மைத்துனி அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நடுவாசலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். லயத்து வரிசைவீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து, அக்கா எப்போது இறந்தாள் என்று கேட்டார்கள்.

"இன்னிக்கி" என்றாள்.

கருமாதியை அந்த நாளிலிருந்து எண்ணினார்கள். "ஒங்களுக்கு எல்லாம் முடிஞ்சிருச்சி அத்தான். எங்களுக்கு இப்பதான்" என்றாள். கப்பல் வரும்வரை எனக்குச் சோறு போட்டாள்; முகம் பார்த்துப் பேசவில்லை. கிளம்பும்போது அக்காவின் போனைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்த சாயங்காலம் என் போன் ஒலித்தது. திரையில் என் மனைவியின் பெயர், பொட்டு வைத்த அவள் படம்.

"வூடு சேந்தீங்களா?"

தட்டியது மைத்துனி என்று தெரியும். ஆனால் அவள் எனக்கு எழுதினால் முதலில் 'அத்தான்' என்றுதான் வரும். இதில் அது இல்லை; என் மனைவி எழுதுவது போலவே இருந்தது. நான் படித்துவிட்டதை நீலக்குறி அங்கே காட்டியிருக்கும். போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். பதில் எழுதவில்லை.