கருப்பாகத் தெரிந்த ஏரி

பழைய வரைபடங்களைக் காத்துவரும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சித்தூர் மாவட்டத்தில், நாகலாபுரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஓர் ஏரி உண்டு. எண்பதுகளின் நடுவில், மழை தொடர்ந்து பொய்த்த ஒரு கோடையில், அந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று வானத்திலிருந்து எடுத்த படம் சொன்னது. இல்லை என்று ஊர் சொன்னது. அந்தப் படத்தைக் கணினியில் உருவாக்கியவர்களுள் நானும் ஒருவன். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தவள் என் அக்காள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்நாளில் நான் திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கணினி இயக்குபவனாக இருந்தேன். அயல்நாட்டு விண்கலம் ஒன்று எங்கள் மாவட்டத்தின் மேல் பறந்தபோது ரேடார் அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வந்தவற்றைப் பதிவு செய்திருந்தது. அப்பதிவு காந்த நாடாச் சுருள்களாக எங்களிடம் வந்து சேர்ந்தது. புகைப்படம் வெளிச்சத்தால் ஆவது. இதுவோ எதிரொலியால் ஆவது. பாறை, மரம், வீடு ஆகிய கரடுமுரடானவை அலையைத் திருப்பி அனுப்பும். அவை வெளுப்பாக விழும். சமமான பரப்பு அலையை வேறு பக்கம் சாய்த்துவிடும்; அது கருப்பாக விழும். தேங்கிய தண்ணீரைப் போல் சமமானது நிலத்தில் அரிது. ஆதலால் கருப்பென்றால் தண்ணீர் என்று வண்ணம் தீட்டுவது எங்கள் வழக்கமாயிருந்தது.

நாடாவை ஏற்றியதும் திரையில் தெரிவது படமன்று. கேழ்வரகை வாரி இறைத்தது போன்ற புள்ளிக்கூட்டம். அதை அடக்குவதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துச் சராசரி கண்டு, சிறுகச் சிறுக மலையையும் ஆற்றையும் பிரித்துக் காட்டும். நடுவில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூசி பட்டால் நாடா கெட்டுவிடும் என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்தக் குளிர் அறைக்குள் நுழைவோம்.

அவ்வாறு உருவான வரைபடம் சித்தூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. ‘நேரில் பார்த்து உறுதி செய்க’ என்று எங்கள் தலைமை விஞ்ஞானி அதன் ஓரத்தில் எழுதியுமிருந்தார். ஆனால் சித்தூரில் குடிநீர் லாரிகள் குறைவு. தவித்த ஊர்களோ மிகுதி. ஏரியில் தண்ணீர் உள்ள ஊர்களுக்கு லாரியை நிறுத்தி, இல்லாத ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அக்காளின் ஊருக்கு லாரி நின்றது.

ஒரு பகல் வேளை அக்காளின் கணவர் எங்கள் கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் துண்டு மூட்டை.

“இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம வந்துக்கீற?”

“சொல்லிக்கினு வர்றதுக்கு இன்னா, கல்யாணமா? லாரி நின்னுபூட்ச்சி மச்சான். சித்தூர்ல போயி கேட்டா, உங்க செருவுல, அதான் ஏரில, தண்ணி கீதேன்றான். எவன்டா சொன்னதுன்னா, திருப்பதில போட்டோ எடுத்துக்கீறாங்களாம். நீதான போட்டோ ஆபீஸ்ல கீற?”

“போட்டோ இல்ல மாமா. ரேடார்.”

“இன்னா எழவோ. அதுல எங்க ஏரி கீதா?”

“கீது.”

“தண்ணி?”

“கருப்பாத்தான் தெரியுது.”

“அப்ப அந்தக் கருப்ப ரெண்டு கொடம் புடிச்சிக் குடு. உங்க அக்கா கேட்டுக்கினு கீறா.”

துண்டை அவிழ்த்தார். ஏரியின் அடிவண்டல், காய்ந்து ஏடு ஏடாகப் பெயர்ந்து, தட்டைப் போல் இருந்தது. விஞ்ஞானியை வெளியே அழைத்து வந்தேன். கடப்பைப் பக்கத்துக்காரர், தெலுங்கர். அவர் அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“வழவழன்னு இருக்கே” என்றார். பிறகு விளக்கினார். நீர் மெல்ல வற்றி, வண்டல் சமமாகப் படிந்து காய்ந்திருக்கிறது. எங்கள் அலைக்கு அதுவும் தண்ணீரும் ஒன்றே. அப்போதே சித்தூருக்கு எழுதி, தபாலை நம்பாமல் மாமாவின் கையிலேயே கொடுத்தார்.

சித்தூரிலும் அலட்சியம் செய்யவில்லை. அதே வாரத்தில் ஜீப் அனுப்பினார்கள். கரைக்கு வெளியே கீழ்ச் சாலையில் ஜீப் வந்தபோது, தண்ணீர் நிறைந்த குடங்களோடு பெண்கள் ஏரிக்குள்ளிருந்து கரையேறி வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் கரை மேல் ஏறாமலே, ஏரியில் நீர் உள்ளது, மக்கள் எடுத்துச் செல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். படம் சொன்னதை நேரில் கண்டதும் உறுதி செய்துவிட்டது.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் நான் அந்த ஊருக்குப் போனேன். ஏரியின் நடுவில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். அடியில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்கச்சியால் அள்ளி, முறை வைத்து எல்லாக் குடங்களும் நிரம்ப அரைப்பகல் ஆனது. சுற்றிலும் ஆடும் மாடும் அதே ஈரத்தை மோந்து நின்றன.

“எங்கேர்ந்து தண்ணி தூக்கிக்கினு வரீங்கன்னு ஜீப்புக்காரன் கேட்டான்” என்றாள் அக்காள். “ஏரிலேர்ந்துன்னு நாந்தான் சொன்னன். அதுல பொய் இன்னா கீது?”

“குழின்னு சொல்லக் கூடாதா அக்கா?”

“சொல்றதுக்குள்ள வண்டி போய்க்கினே கீது. பொண்டாட்டி வச்ச கொழம்பு ஆறிப்பூடும்னு பயந்தானோ இன்னாவோ.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முந்தானையை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, வடிகட்டி எனக்கு ஒரு லோட்டா கொடுத்தாள். களிமண் வாசனை அடித்தது. என்னோடு திருப்பதிக்கு வந்துவிடு என்றேன்.

“ஆட்ட யாரு பாத்துக்குவா, உங்க மாமாவா? அவரையும் ஆட்டையும் ஒண்ணாக் கட்டணும். நீ ஆபீஸ்ல போயி எங்க ஏரிய வெளுப்பா மாத்திட்டு வா. அதுக்குள்ள நான் எங்க ஓடிப்பூடப் போறன்? மொதல்ல துன்னுட்டுக் கிளம்பு.”

மறுநாள் விஞ்ஞானி தாமே சித்தூர் போனார். படமும் பார்வையிட்ட குறிப்பும் ஒன்றுபோல் இருக்கும்போது மாற்றுவது எப்படி என்று அங்கே கேட்டார்களாம். ஆயினும் இன்னொரு முறை ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்களாம். அந்த ஆள் போவதற்குள் ஊரில் வாந்திபேதி கண்டது. அக்காளுக்கும் கண்டு, அவளை மாட்டு வண்டியில் கிடத்திச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த புளியமரத்தடியிலேயே உயிர் அடங்கியது. நான் போனபோது அவள் கண்கள் குழிந்து, கையின் தோல் மடித்தால் மடித்தபடியே நின்றது.

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீரில்லை. சுகாதாரத் துறையினர் குழியில் பிளீச்சிங் பவுடர் கொட்டி மூடிவிட்டிருந்தனர். போதகர் ஜெபித்து முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கைகட்டி நின்ற வேளையில், கரைமேல் லாரி வந்தது. நோய் கண்ட ஊர் என்பதற்காக அனுப்பப்பட்டது அது, வறட்சிக்காக அன்று. குடங்களோடு ஓடிவந்த பெண்கள், மாமாவைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். முதல் குடத்தை அவர் பிடித்தார்.

“இப்பதான்டா வழி தெரிஞ்சிச்சா?” என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் இளைஞன். “எனக்கு இன்னா தெரியும் பெரியப்பா? இன்னிக்கிதான் போச் சொன்னாங்க” என்றான்.

மாமா குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் குடம் தண்ணீரில் அக்காளைக் குளிப்பாட்டி, பொழுது சாயுமுன் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

சித்தூருக்குப் போன வரைபடத்தில் அந்த ஊர் ஏரி அக்கோடை முழுவதும் நீர்நிலையாகவே இருந்தது. நடந்தது வேறு என்பதற்கு இந்த எழுத்தைத் தவிர என்னிடம் வேறொன்றுமில்லை. ஐயா, அம்மையீர், இதை எறிந்துவிடாமல் அந்த வரைபடத்தோடு சேர்த்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.