கட்டுரையில் இல்லாத வரி

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் தாதியர் படிப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பதினொரு வருடமாகக் கட்டுரை திருத்தி வருகிறேன். ஒரு கட்டுரையைப் பார்த்துப் பயந்தது போன வசந்தகாலத்தில்தான்.

அதை எழுதியவர் என் கடைசி வருட வகுப்பின் ஒரேயொரு தமிழ்ப் பெண். எஸ்பியர்க்கில் முதியோர் இல்லமொன்றில் பதினைந்து வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் படிக்க வந்தவர். வகுப்பில் அவருடைய டெனிஷ் தடக்கித் தடக்கித்தான் வரும். கட்டுரையில் ஓரிடமும் தடக்கவில்லை. பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுகிறவரை எப்படிப் பராமரிப்பது என்பது தலைப்பு. இங்கே அதிகூடிய புள்ளி பன்னிரண்டு. அதையே போடலாம் போலிருந்தது.

ஏஐ எழுதியது என்று மனம் சொன்னது. நிரூபிக்க வழியில்லை. முறைப்பாடு செய்தால் அவரைப் படிப்பிலிருந்து நிறுத்தக்கூடும். பேசாமல் விட்டால், இவளும் தமிழ், தன் ஆள் என்று மறைத்தாள் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. ஒன்றும் தெரியாத ஒருவரை என் கையெழுத்தோடு நோயாளியின் கட்டிலடிக்கு அனுப்பிவிடுவேனோ?

இரண்டு நாள் முறைப்பாட்டுப் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். கதிரை நுனியில் இருந்தார்.

"இது நீங்கள் எழுதினதோ?" என்று தமிழில் கேட்டேன்.

"ஓம் ரீச்சர், நான்தான் எழுதினனான். டெனிஷை மட்டும் ஏஐயிட்டக் குடுத்துத் திருத்தினனான். பிழையோ?" கண் கலங்கிவிட்டது.

"அப்பிடியெண்டா சொல்லுங்கோ. விழுங்கக் கஷ்டப்படுற ஆளுக்குத் தண்ணி எப்பிடிக் குடுப்பியள்?"

"நிமித்தி இருத்திப்போட்டு, தண்ணியைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஒரு கரண்டி குடுப்பன். பிறகு ஏதாவது கதைக்கச் சொல்லுவன். குரல் ஈரமா, களகளவெண்டு கேட்டா உடன நிப்பாட்டிப்போடுவன். சில பேருக்கு இருமலே வராது ரீச்சர். தண்ணி சத்தமில்லாம நெஞ்சுக்குள்ள போயிடும்."

நான் கட்டுரையைத் திரும்பப் புரட்டினேன். இருமினால் நிறுத்த வேண்டும் என்று மட்டும் இருந்தது. குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இதை ஏன் எழுதேல்ல?"

"எழுதினனான். திருத்தி வரேக்க அந்த வரி இல்லை. ஏஐக்குத் தெரியாததோ, நான்தான் பிழையா எழுதிப்போட்டனாக்கும் எண்டு விட்டிட்டன்."

உயிரைக் காப்பாற்றுகிற வரி அது. இயந்திரம் அதை வெட்டியிருக்கிறது, தெரிந்தவரே தன்னை நம்பாமல் விட்டிருக்கிறார். நானோ அந்த வரி இல்லாததைக் கவனிக்காமலே பன்னிரண்டு போட நினைத்தவள்.

துறைத் தலைவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஏஐயைப் பாவித்ததைக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்றார். வாய்மொழிப் பரீட்சை வைப்போம் என்று நான் கேட்டதற்கு ஒத்துக்கொண்டார்.

பரீட்சையன்று வெளியிலிருந்து வந்த பரீட்சகருக்கு முன்னால் அந்தப் பெண்ணின் டெனிஷ் இன்னும் தடக்கியது. வினைச்சொற்கள் முன்பின்னாக வந்தன. குரல் ஈரமாகிறதைச் சொல்ல டெனிஷில் சொல் கிடைக்காமல், தொண்டையில் கையை வைத்து அந்தச் சத்தத்தையே செய்து காட்டினார். பரீட்சகர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பத்துப் புள்ளி கிடைத்தது. வாசலில் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

இந்த வருடத்திலிருந்து நாங்கள் கட்டுரைக்கு மட்டும் புள்ளி போடுவதில்லை. எழுதியவர் பயிற்சி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செய்தும் காட்ட வேண்டும். கூடுதல் வேலை என்று சக ஆசிரியர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. அதே பருவத்தில் வேறு முப்பது பேரின் கட்டுரைகளையும் வாசித்துத் தேறினார்கள் என்று போட்டேன். தடக்காமல் டெனிஷ் கதைக்கிற பிள்ளைகள் என்பதால் ஒருவரிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. அவர்கள் இப்போது படிப்பை முடித்து எங்கெங்கோ தாதியராக வேலை செய்கிறார்கள்.