மூன்று எண்ணும் நேரம்

காகிதங்கள் பறக்காமலிருக்க என் எழுத்து மேசையில் ஒரு சின்ன உலோகச் சக்கரம் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். இதழ் இதழாய் வளைந்த தகடுகள், ஓரமெல்லாம் நீலமும் ஊதாவும், சூடு தின்றுவிட்டுப் போன நிறம். ஒரு மணல் லோரியின் புகையில் சுழன்ற சக்கரம் அது. தொட்டால் போதும், அத்தானின் குரல் எண்ணத் தொடங்கிவிடும்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

அத்தான் என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயர் ஈத்தாம் என்ற மலையடி ஊரில், லோரி பட்டறையில் வேலை. மேட்டில் மிதியை அழுத்தினால் லோரி உடனே இழுக்காது. புகை போய் டர்போ சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், சக்கரம் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டும். அதற்கு மூன்று எண்ணும் நேரம் ஆகும். அந்த மூன்றை அத்தானால் பொறுக்க முடியவில்லை. சக்கரத்தின் தண்டோடு ஒரு சின்ன மோட்டாரைப் பற்சக்கரம் வைத்துக் கோத்தார். புகை வந்து சேரும்வரை பேட்டரி சுழற்றும். மேட்டில் புகை பொங்கும்போது அதே மோட்டார் டைனமோவாகி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

"வீணாப் போற சூடு தங்கச்சி. வானம் கேட்டுச்சா இத?" என்பார்.

"என்னைக் கட்டுனதுக்கு ஒரு சைலன்சரைக் கட்டியிருக்கலாம் லா," என்பாள் அக்கா.

எத்தனையோ பற்சக்கரங்கள் பொடியான பிறகு, தவுக்கே, அதாவது பட்டறையின் சீன முதலாளி, ஒரு பழைய லோரியைச் சோதனைக்கு விட்டார். நிபந்தனை ஒன்றுதான்: நாலு பேர் முன்னால் மானம் போனால் அன்றோடு கழற்றிவிட வேண்டும். ஒரு ஞாயிறு, மணல் ஏற்றி, அணைக்கட்டு மேட்டுக்கு அத்தான் என்னையும் கூட்டிப் போனார். "ஒண்..." என்று வாயெடுத்தார், லோரி பாய்ந்துவிட்டது. மின்மானியின் முள் பேட்டரி சார்ஜ் ஆகும் பக்கம் சாய, வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு அவ்வருடம் நான் செயலாளர். ஜெனரேட்டர் வேண்டாம், அத்தானின் லோரியே பாட்டுப் போடும் என்று, அவரைக் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

"நிக்க வச்சு ஓட்டிப் பார்த்ததில்லையே," என்று இழுத்தார்.

"மேட்டுலயே இந்த இழுப்பு இழுக்குது. சும்மா நிக்கிறதுக்கு என்ன அத்தான்?"

அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை. ஏமாற்று வேலை என்று ஒருவரும் சொல்லக்கூடாதென்று, லோரியின் சொந்த டைனமோவின் வயரைக் கூடக் கழற்றிவிட்டார்.

காவடிகள் போகும் தண்ணீர்மலைச் சாலையில் காலை முழுக்கப் பாட்டு முழங்கியது. தவுக்கேயே வந்து நின்று மோர் குடித்தார். உச்சி வெயிலில் பேட்டரி வற்றி, கேசட் சோர்ந்தது; பாடகியின் குரல் கிழவனின் குரலாய்க் குழைந்து இறங்கியது. அத்தான் ஓடிப்போய் மிதியை அழுத்தினார். எஞ்சின் அலறிற்று. கரும்புகை எழும்பி மோர்த் தொட்டியில் படிந்தது. முள் அசையவில்லை. மணல் சுமந்து மேடு ஏறுகிற எஞ்சினின் புகையில்தான் மிச்சச் சூடு இருக்கும்; நிற்கிற லோரியில் ஏது? கண்ணாடி வழியே அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. பாட்டு நின்றது.

"என்னண்ணே, சாமிக்கு ஆவி புடிக்கிறீங்களா?" என்றான் பந்தல் தொண்டன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நல்லவேளை, ஒரு காவடி திருப்பத்தில் வர, அதன் உறுமி மேளம் அந்தச் சிரிப்பை மூடிற்று. தவுக்கே குவளையை வைத்துவிட்டு, கழற்று என்று கையால் காட்டினார்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கழற்றியாகிவிட்டது. பந்தலுக்கு லோரி யார் யோசனை என்று தவுக்கே கேட்டதற்கு, தன்னுடையது என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.

"நான்தான அத்தான்..."

"பந்தல மேட்டுல போட்டிருக்கணும், தங்கச்சி," என்று சிரித்து, சக்கரத்தை என் கையில் வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்ததாகத் தோன்றியது; இருந்திருக்க முடியாது. சாகும்வரை அவர் இன்னொன்று செய்யவில்லை.

போன மாதம் அக்கா மகன் தன் புதுக் காரில் அதே மேட்டுக்குக் கூட்டிப் போனான். டர்போவுக்குள் மோட்டார் இருக்கிறதாம், புகையிலிருந்து கரண்டும் எடுக்குமாம், பெருமையாகச் சொன்னான். வளைவில் மிதியை அழுத்தினான். "ஒண்..." என்றேன். கார் ஏறியிருந்தது.

"என்ன சித்தி எண்ணுறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

வீடு திரும்பி, சக்கரத்தை மேசையில் சுண்டிவிட்டேன். தள்ளாடிச் சுற்றியது. ஒண்ணு, ரெண்டு என்றேன். மூணு சொல்வதற்குள் காகிதத்தின் மேல் சாய்ந்துவிட்டது.